கட்சிக்காரர் நீதிபதி ஆகலாமா?

மாசாயில் ஒரு சாப்பாட்டுக் கடை. காலை நேரம். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, நீங்க லாயர்தானே? கட்சியில இருந்தவரு எப்படி ஜட்ஜா உக்கார்றாரு? அப்புறம் நம்மள மாதிரி ஆளுக்கு நியாயம் எங்க கிடைக்கும்?"

அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு வேன் ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். 2025 ஜூலையில் நாட்டின் தலைமை நீதிபதியாகப் பதவியேற்ற வான் அகமட் ஃபாரிட் வான் சாலேயைப் பற்றித்தான் அவர் கேட்டார். தலைமை நீதிபதி ஒரு காலத்தில் அம்னோவில் இருந்தவர். செனட்டராகவும் உள்துறை துணையமைச்சராகவும் இருந்தவர். 2009 ஜனவரியில் கோலத் திரெங்கானு இடைத்தேர்தலில் தேசிய முன்னணி வேட்பாளராக நின்று தோற்றவர். 2015-ல் நீதித்துறை ஆணையரானார். பத்தே ஆண்டுகளில் உச்சிக்கு வந்துவிட்டார்.

அவருக்கு இங்கே நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. அவர் எழுதும் தீர்ப்புகளே அவரைப் பற்றிப் பேசட்டும். ஆனால் பெரியவர் கேட்டது ஒரு தனி மனிதரைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. அரசியலில் இருந்து நீதிமன்றத்திற்குப் போனவர்களில் ஒருவரை நான் சட்டக் கல்லூரியில் படித்த நாளில் இருந்து மனத்தில் வைத்திருக்கிறேன். வி.ஆர். கிருஷ்ணய்யர். இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்தவர். அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர், அதற்கும் முன் சிறைக் கைதி.

1914 நவம்பரில் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தகப்பனார் வழக்கறிஞர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் படித்தார். ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல, நம்மைப் போல லயத்தில் பிறந்தவரும் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மலபாரில் தலச்சேரியில் தொழில் தொடங்கியவரிடம் வந்து சேர்ந்த கட்சிக்காரர்கள் யார் என்றால் குத்தகை விவசாயிகள், தொழிற்சங்கக்காரர்கள், போலீஸ் அடித்து இழுத்து வந்த கம்யூனிஸ்டுகள். (கட்சிக்காரர் என்றால் வழக்கறிஞர் பாஷையில் வழக்குக் கொடுத்தவர். அரசியல் கட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) விசாரணை என்ற பெயரில் போலீஸ் செய்த சித்திரவதையை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1948-ல் அவரையே பிடித்து உள்ளே போட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்பது குற்றச்சாட்டு. ஒரு மாதம் சிறை.

அந்த ஒரு மாதம் அவருக்கு எந்தச் சட்டக் கல்லூரியும் கொடுக்காத பாடம். லோக்கப்பில் ஓர் இரவு இருந்தவனுக்கும் லோக்கப்பைப் புத்தகத்தில் படித்தவனுக்கும் உள்ள வேறுபாட்டை நம் குடும்பங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1952-ல் கூத்துபறம்பு தொகுதியில் சுயேச்சையாக நின்று சென்னை மாநிலச் சட்டமன்றத்திற்குப் போனார். அப்போது மலபார் சென்னை மாநிலத்தில் இருந்தது. கேரளம் தனி மாநிலமான பிறகு 1957 தேர்தலில் தலச்சேரியில், கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு, மீண்டும் சுயேச்சையாக வென்றார். ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைத்த அமைச்சரவையில் சட்டம், நீதி, உள்துறை, மின்சாரம், நீர்ப்பாசனம், சிறைகள் என்று பல துறைகள் அவர் கைக்கு வந்தன. ஒரு காலத்தில் தன்னைப் பூட்டி வைத்த சிறைகளுக்கே அமைச்சர்! சிறைச் சீர்திருத்தத்தில் கை வைத்தார், நீதிமன்றங்களைக் கூட்டினார்.

அந்த ஆட்சி பாலும் தேனுமாக ஓடியது என்று கதை விட மாட்டேன். 1959 ஜூனில் அங்கமாலியில் போலீஸ் சுட்டு ஏழு பேர் செத்தார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் அந்த ரத்தத்திற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும், கிருஷ்ணய்யர் உட்பட. அதே ஆண்டு ஜூலை 31-ல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. அவர் மறுபடியும் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வழக்காடப் போனார்.

1968-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1971-ல் இருந்து இந்தியச் சட்ட ஆணையத்தில் உறுப்பினர். ஏழைகளுக்குச் சட்ட உதவி எப்படிக் கொடுப்பது என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1973-ல் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றத்திற்கு அவர் பெயர் வந்தபோது, நம் பெரியவர் கேட்ட அதே கேள்வியைப் பம்பாயின் பெரிய வழக்கறிஞர்கள் கேட்டார்கள். இவர் அரசியல்வாதி, இடதுசாரி, இவரைப் போடக்கூடாது என்று அறிக்கை விட்டார்கள். அதில் சோலி சொராப்ஜியும் ஒருவர். பின்னாளில் இந்தியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். கிருஷ்ணய்யரின் தீர்ப்புகளைப் பார்த்த பிறகு, தான் எதிர்த்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவருக்கும் ஒரு வணக்கம்.

அப்படி என்ன தீர்ப்பு எழுதினார்? சொல்கிறேன். நம் வீட்டு விவகாரமாகவே இருக்கும்.

மோத்தி ராம் என்று மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். மேல்முறையீடு முடியும்வரை ஜாமீனில் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொகையை முடிவு செய்யும் பொறுப்பு கீழே உள்ள மாஜிஸ்திரேட்டிடம் வந்தது. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய் என்றார். 1978-ல் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய்! அண்ணன் தம்பி உறவில் ஒருவர் ஜாமீன் நிற்க வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். வழக்கு திரும்ப உச்ச நீதிமன்றம் வந்தபோது கிருஷ்ணய்யர் கேட்டது இதுதான்: ஒரே நாட்டில் வேறு மாவட்டத்துக்காரன் அந்நியனா? பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன ஏழைக்கு உள்ளூரில் சொத்துள்ள சொந்தக்காரன் எங்கே இருந்து வருவான்? கொத்தனாரை 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அம்மாவின் ஞாபகம் வரும். தொழிற்சாலை ஒன்றில் துப்புரவு வேலை. மகன் மேல் ஒரு சிறு வழக்கு. ஜாமீன் தொகையை நீதிமன்றத்தில் சொன்னவுடன் அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடகுக் கடைக்குப் போய், அங்கிருந்து வங்கிக்குப் போய்க் கணக்குப் புத்தகம் திறந்து, திரும்பி வருவதற்குள் நீதிமன்ற முகப்பு மூடிவிட்டது. பையன் அன்று இரவும் உள்ளே. மறுநாள் வேலைக்கு வரவில்லை என்று அவன் வேலை போனது. வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை, தண்டனை முடிந்துவிட்டது. அன்றைக்கு நானும் ஒரு தவறு செய்தேன். அந்தக் குடும்பத்தின் வருமானம் என்ன என்று ஒரு காகிதமாவது கையில் வாங்கி நீதிமன்றத்தில் காட்டியிருக்க வேண்டும். "ஏழைக் குடும்பம்" என்று வாயால் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு வழக்கு கோழிக்கோட்டில் ஒரு கயிறு தொழிற்சாலை. ஆட்கள் தொழிற்சாலைக்குள்தான் வேலை செய்தார்கள், மூலப்பொருள் முதலாளியுடையது, கயிறும் முதலாளிக்கே போனது. ஆனால் வேலையை விட்டு நிறுத்தியபோது முதலாளி சொன்னார்: இவர்கள் என் ஆட்கள் இல்லை, காண்ட்ராக்டர் ஆட்கள். மாசாயில் இந்த வசனத்தைக் கேட்காத வீடு உண்டா? 1978-ல் கிருஷ்ணய்யர் அந்தத் திரையை இழுத்துப் போட்டார். யாருடைய உழைப்பில் யாருக்குச் சரக்கு போகிறது, யார் கதவை மூடினால் இவன் வீட்டில் அடுப்பு எரியாது என்று பார், அவன்தான் முதலாளி. நடுவில் எத்தனை காண்ட்ராக்டர் நின்றாலும் சரி. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சிறை வழக்குகளைத்தான் அவர் பெயரோடு எல்லாரும் சேர்த்துச் சொல்வார்கள். சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதியைத் திகார் சிறையில் தனிமையில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த வழக்கின்போது நீதிபதிகள் சிறைக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். மேல்முறையீடும் கருணை மனுவும் முடியாத நிலையில் அப்படித் தனிமையில் அடைக்க முடியாது என்று 1978-ல் தீர்ப்பு வந்தது. பிறகு அதே பத்ரா, சக கைதி ஒருவரைக் காவலர் பணத்துக்காகச் சித்திரவதை செய்ததைக் கடிதமாக எழுதி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுப்பினார். முத்திரை இல்லை, வழக்கறிஞர் இல்லை, வெறும் கடிதம். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு விசாரித்து, சிறைக்குள்ளும் அரசியல் சட்டம் நுழையும் என்று எழுதினார் கிருஷ்ணய்யர். 1980-ல் கைவிலங்கு வழக்கு. இது ஒரு கைதி அனுப்பிய தந்தியில் தொடங்கியது. கைதி ஓடிவிடுவான் என்பதற்குத் தக்க காரணம் இல்லாமல் விலங்கு மாட்டி ஊர் பார்க்க இழுத்துப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதே ஆண்டு ரட்லாம் நகராட்சி வழக்கு. திறந்த சாக்கடை, கழிப்பிடம் இல்லை, நாற்றம். மக்கள் வழக்குப் போட்டார்கள். எங்களிடம் பணம் இல்லை என்றது நகராட்சி. பணம் இல்லை என்பது மனிதனை மலத்தில் வாழ வைக்கக் காரணம் ஆகாது, கால்வாயைக் கட்டு என்றது தீர்ப்பு. கடன் கட்ட உண்மையிலேயே வழியில்லாதவனைச் சிறையில் போடக்கூடாது என்று இன்னொரு தீர்ப்பு. அதற்கு அவர் துணைக்கு அழைத்தது ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை. அந்த உடன்படிக்கையில் மலேசியா இன்றுவரை சேரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

(அவருடைய ஆங்கிலம் மட்டும் கொஞ்சம் கடினம். மாணவர்களாக இருந்தபோது ஒரு கையில் தீர்ப்பும் மறு கையில் அகராதியுமாக உட்கார்ந்திருப்போம். ஏழைகளுக்காக எழுதியவர் ஏழைகளுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.)

சரி, இத்தனையும் இடதுசாரிக் கொள்கைதானே, அரசியலை நீதிமன்றத்திற்குள் கொண்டு வந்துவிட்டாரே என்று கேட்கலாம். 1975-ஐப் பாருங்கள்.

ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றத்திற்கு விடுமுறைக் காலம். மேல்முறையீடு வந்து விழுந்தது விடுமுறைக்கால நீதிபதியாக இருந்த கிருஷ்ணய்யர் மேசையில். அவரை நாற்காலியில் உட்கார வைத்ததே அந்த அம்மையாரின் அரசாங்கம்தான். சட்ட அமைச்சர் கோகலே சந்திக்க வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். மனுவைப் பதிவாளரிடம் கொடுங்கள், சந்திக்க அவசியமில்லை என்று மறுத்துவிட்டார். ஜூன் 24-ல் அவர் கொடுத்த உத்தரவு அரசாங்கம் கேட்ட முழுத் தடை அல்ல. பிரதமராக இருக்கலாம், அவைக்குப் போகலாம், ஆனால் உறுப்பினராக ஓட்டுப் போடக்கூடாது, அதற்கான சம்பளமும் வாங்கக்கூடாது. மறுநாள் இரவு இந்தியாவில் அவசரநிலை வந்தது.

முழுத் தடையை அவர் மறுத்ததால்தான் அவசரநிலை வந்தது என்று ஒரு சாரார் திட்டினார்கள். பதவியில் நீடிக்க விட்டதால்தான் வந்தது என்று இன்னொரு சாரார் திட்டினார்கள். என் கருத்து, சட்டத்தில் அப்போதிருந்த வழக்கத்தை ஒட்டித்தான் அவர் நடந்தார். எனக்கு உத்தரவை விட அந்தத் தொலைபேசி முக்கியம். அமைச்சராக இருந்தவருக்கு அமைச்சர்கள் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாதா?

நம் நாட்டிலும் ஒரு தொலைபேசிக் கதை உண்டு. 2007 செப்டம்பரில் ஒரு காணொளி வெளியானது. வி.கே. லிங்கம் என்ற வழக்கறிஞர் நீதிபதி நியமனங்களைப் பற்றித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். காணொளி உண்மையானதே என்று 2008-ல் ஆணையம் முடிவு சொன்னது. அதற்கு முன் 1988-ல் லார்ட் பிரசிடென்ட் துன் சாலே அபாசையும் இரண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் பதவி நீக்கிய வரலாறு வேறு. இந்த இரண்டு சம்பவங்களிலும் சிக்கல் ஒரு சட்டமன்ற உறுப்பினர் நீதிபதி ஆனதால் வரவில்லை. நீதிபதிக்கும் அதிகாரத்திற்கும் நடுவில் இருக்க வேண்டிய கதவு திறந்து கிடந்ததால் வந்தது.

நமக்குள் ஒரு பேச்சு உண்டு, நம்மவர் ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் போதும் என்று. இந்தியர்களுக்குரிய பங்கை நாம் கேட்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காணொளியில் கேட்ட அந்தப் பெயரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மலபார்க் குத்தகை விவசாயிகளுக்குக் கிருஷ்ணய்யர் எந்த வகையில் "நம்மவர்"? சாதியும் வேறு, வீடும் வேறு. பதினைந்து இருபது ஆண்டுகள் அவர்களுடைய வழக்குகளை நடத்தியதால் வந்த உறவு அது.

அரசியலில் இருந்து நீதிமன்றம் போன எல்லாரும் கிருஷ்ணய்யர் ஆனார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே இந்தியாவில் பஹருல் இஸ்லாம் என்று ஒருவர். காங்கிரஸ் மேலவை உறுப்பினராக இருந்து 1972-ல் கௌஹாத்தி உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 1980-ல் ஓய்வு பெற்றவரைத் திரும்ப அழைத்து அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் உட்கார வைத்தார்கள். பீகார் காங்கிரஸ் முதலமைச்சர் ஜகந்நாத் மிஸ்ரா மேல் இருந்த வழக்கை விலக்கிக்கொள்ள வழிவிட்ட அமர்வில் இருந்தார். அடுத்த மாதமே, 1983 ஜனவரியில், பதவி விலகி மீண்டும் காங்கிரஸ் மேலவை உறுப்பினராகப் போய்விட்டார். அவருக்கு நாற்காலி ஒரு வழித்தங்கல்.

கிருஷ்ணய்யர் 1980 நவம்பரில் ஓய்வு பெற்றார். 1987-ல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து நின்று தோற்றார். ஜெயிக்கும் கட்சியோடு நிற்கும் பழக்கம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. கொச்சியில் இருந்த அவர் வீட்டு வாசலில் மனுக்களோடு மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தூக்குத் தண்டனை எவருக்கும் கூடாது என்று கடைசிவரை எழுதினார். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்கு மேடை வாசலில் நின்ற தமிழர் மூவருக்காகவும் குரல் கொடுத்தார். 2014 டிசம்பர் 4-ல், நூறு வயதை முடித்த சில நாட்களில் இறந்தார். அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையானதை அவர் பார்க்கவில்லை.

நம் நாட்டில் தொழிலாளிக்காக நீதிமன்றத்திலும் மன்றத்திலும் ஒருசேரக் கத்திய வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஈப்போவின் சீனிவாசகம் சகோதரர்கள், கர்ப்பால் சிங். அவர்களில் எவரும் நீதிபதி ஆகவில்லை. எதிர்க்கட்சியில் இருந்து அந்த நாற்காலிக்குப் பாதை போடப்படவில்லை. கிருஷ்ணய்யர் காலத்துத் தீர்ப்புகளின் வாசனை இங்கே வேறு வழியாக வந்தது. 1994-ல் வழக்கறிஞர் தொழிலில் இருந்து நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு நியமிக்கப்பட்ட கோபால் ஸ்ரீராம், 1996-ல் டான் தெக் செங் என்ற பள்ளி ஆசிரியரின் வேலை நீக்க வழக்கில், அரசியல் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்லும் "உயிர்" என்பதில் பிழைப்பும் அடங்கும் என்று தீர்ப்பு எழுதினார். இந்தியத் தீர்ப்புகளைத் தாராளமாக எடுத்தாண்டார். பின்னால் வந்த சில வழக்குகளில் கூட்டரசு நீதிமன்றம் அந்த வாசலைக் குறுக்கியது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு இன்னும் நீதிமன்றங்களில் எடுத்துச் சொல்லப்படுகிறது.

இன்று நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க 2009 சட்டப்படி நீதித்துறை நியமன ஆணையம் இருக்கிறது. ஆனால் மாமன்னருக்கு ஆலோசனை சொல்வது பிரதமர்தான். ஆணையம் கொடுக்கும் பெயரைத்தான் பிரதமர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. பெரியவருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். "ஐயா, கட்சியில் இருந்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்காக வழக்காடினார், எந்த வழியாக வந்தார், போன் வந்தால் எடுப்பாரா, அதையும் கேளுங்கள்." அவர் சிரித்தார். "அதெல்லாம் நமக்கு யாரு தம்பி சொல்லப் போறா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நியமனத்திற்கு முன் இந்த விவரங்களைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். அதை நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம். ஓட்டுக் கேட்டு வரும்போது கோயில் கூரைக்கும் பள்ளி வேலிக்கும் மட்டுமே நாம் கை நீட்டுகிறோம்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 389-வது பிரிவு, ஜாமீன் தொகை மிதமிஞ்சி இருக்கக்கூடாது என்கிறது. 28ஏ பிரிவின்படி பிடிபட்டவர் விசாரணைக்கு முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லக் கேட்கலாம். 2012-ல் இருந்து தேசியச் சட்ட உதவி அறவாரியம், கைது, தடுப்புக் காவல், ஜாமீன் கட்டங்களில் வழக்கறிஞரைக் கொடுக்கிறது. ஆனால் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். நீல அடையாள அட்டை இல்லாத நம் பிள்ளைகள் அங்கேயும் வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் யாரையாவது பிடித்துப் போனால், நீதிமன்றத்திற்கு வரும்போது அடையாள அட்டையோடு கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ரசீது, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வாருங்கள். காலை எட்டு மணிக்கே வாருங்கள். உங்கள் வழக்கறிஞர் கேட்காவிட்டாலும் அவர் கையில் கொடுங்கள்.